டூரிஸ்ட் விசாவில் போய் டீச்சர் வேலையா? பெட்டி கட்டும் முன் இதைப் படிங்க!

திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்பிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்:

"எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடிச்சு ஆறு வருஷமா தனியார் ஸ்கூல்ல வேலை பார்க்கிறேன். தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலை இருக்குன்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். 'டூரிஸ்ட்டா போயிடுங்க மேடம், அங்க இறங்கினதும் ஒர்க் விசாவா மாத்திக்கலாம்'னு சொல்றார். அம்மா நகையை அடகு வைக்க ரெடியா இருக்காங்க. போகலாமா?"

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. ஆனால், இதே கேள்வி பல வீடுகளில் இருப்பதால் இந்த வாரம் முழுக்க இதற்கே பதில்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம். நம்மவர்கள் பலர் போயிருக்கிறார்கள். ஆனால், இந்த வழியில் போகாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

'அங்க போய் மாத்திக்கலாம்' என்றால் என்ன?

தாய்லாந்துக்குச் சுற்றிப் பார்க்கப் போகும் இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் விசா இல்லாமல் 30 நாள் அனுமதி கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கினார்கள். இந்தச் சலுகை அவ்வப்போது மாறக்கூடியது. இதை வைத்துத்தான் 'டிக்கெட் போட்டா போதும்' என்கிறார்கள் ஏஜென்ட்டுகள்.

சுற்றிப் பார்க்க வந்த அனுமதியில் வேலை செய்வது அங்கே குற்றம். ஒர்க் பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம். நாட்டைவிட்டு அனுப்பியும் விடுவார்கள். 'பள்ளிக்கூடம்தானே சேர்த்துக்கொண்டது' என்று சொல்லித் தப்ப முடியாது. பள்ளிக்குத் தனி அபராதம், டீச்சருக்குத் தனி அபராதம்.

சட்டப்படியான வழி இதுதான். பள்ளி உங்களைத் தேர்வு செய்து, வேலைக் கடிதமும் தன் பதிவு ஆவணங்களும் அனுப்பும். அதை வைத்து 'நான்-இமிகிரன்ட் பி' விசாவுக்கு நீங்கள் இங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் இதை ஆன்லைனிலேயே செய்யலாம். சென்னையில் தாய்லாந்து துணைத் தூதரகமும் இருக்கிறது. முதலில் 90 நாள் தங்க அனுமதி கிடைக்கும். அங்கே போனதும் ஒர்க் பெர்மிட் வாங்கி, அதன் பிறகு தங்கும் காலத்தை நீட்டிக்க வேண்டும். பள்ளிகளில் பாடம் நடத்த 'குருசபா' எனப்படும் ஆசிரியர் கவுன்சிலின் அனுமதியும் தேவை. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நம்மிடம் டோஇக், ஐஈஎல்டிஎஸ் போன்ற தேர்வு மதிப்பெண் கேட்பது வழக்கம்.

டூரிஸ்ட் அனுமதியை உள்ளேயே வேலை விசாவாக மாற்றவும் அங்கே விதி உண்டு என்பது உண்மைதான். ஆனால், அதற்கும் பள்ளி அதே ஆவணங்களைத்தான் தர வேண்டும். அவற்றைத் தரத் தயாராக இருக்கும் பள்ளி, நீங்கள் தாடிக்கொம்பில் இருக்கும்போதே அனுப்பிவிடலாமே? இப்போது தர முடியாததை நீங்கள் அங்கே போய் இறங்கியதும் எப்படித் தருவார்கள்? ஏஜென்ட்டிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாதி பேர் அதற்கப்புறம் போனை எடுக்க மாட்டார்கள்.

2022-ல் நடந்தது

'சும்மா பயமுறுத்துறாங்க' என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்தில் ஐ.டி. வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட இந்திய இளைஞர்கள் பலர், அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். ஆன்லைன் மோசடி வேலை செய்யச் சொல்லி அடைத்துவைக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில், மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் யாரும் டீச்சர் வேலைக்குப் போனவர்கள் அல்ல. ஆனால், போன பாதை ஒன்றுதான். வேலை தருபவர் யாரென்று தெரியாது. கையில் வேலை விசா கிடையாது. 'இறங்கினதும் ஆள் வந்து கூட்டிட்டுப் போவாங்க' என்ற வார்த்தைதான் துணை. சட்டப்படி நீங்கள் டூரிஸ்ட்டாக இருக்கும்வரை, வேலைக்கு வந்ததாகச் சொல்லிப் புகார் கொடுக்கவே பயம் வரும். உங்களை மிரட்டி வைக்க அந்தப் பயமே அவர்களுக்குப் போதும்.

எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது?

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சில நாடுகள் முதலில் பார்ப்பது பாஸ்போர்ட்டின் அட்டையைத்தான்.

தென் கொரியா: ஆங்கிலம் கற்பிக்கும் 'ஈ-2' விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற 7 நாட்டுக்காரர்களுக்குத்தான். 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த இந்தியா-கொரியா வர்த்தக ஒப்பந்தம் நமக்கும் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது. பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள், பள்ளிகளில் உதவி ஆசிரியராகலாம். அங்குள்ள டியூஷன் சென்டர் வேலைக்கு இந்த ஜன்னல் உதவாது.

சீனா: ஆங்கில ஆசிரியர் வேலை என்றால், அதைத் தாய்மொழியாகப் பேசும் நாட்டவராக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. 'சீனாவுல இங்கிலீஷ் டீச்சர் வேலை, பிசினஸ் விசாவுல போகலாம்' என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

மாலத்தீவு: நமக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கதவு. அங்குள்ள பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். தமிழ்நாடு, கேரள ஆசிரியர்கள் பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கிறார்கள். தூரத்துச் சின்னத் தீவுகளிலும் நம்மூர் டீச்சர்கள் உண்டு. இங்கும் பள்ளித் தரப்பு முதலில் வேலைக்கான அனுமதியை வாங்கி அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் பயணம்.

வளைகுடா நாடுகள்: பி.எட்.டுக்கு மதிப்பு உண்டு. ஆனால், சான்றிதழ் சரிபார்ப்பு கடுமையாக இருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து தொடங்க வேண்டிய வேலைகள்

வேலை கிடைத்த பிறகு ஓடுவதைவிட, தேடும்போதே இவற்றைத் தயார் செய்யுங்கள்.

பட்டச் சான்றிதழ்: 'ப்ரொவிஷனல்' மட்டும் வைத்துக்கொண்டு பட்டமளிப்புச் சான்றிதழ் வாங்காமலே இருப்பவர்கள் நம்மில் நிறைய. வெளிநாட்டு வேலைக்குப் பெரும்பாலும் அசல் பட்டம்தான் கேட்பார்கள். மதுரை காமராசர் பல்கலையோ, கொடைக்கானல் அன்னை தெரசா பல்கலையோ, காந்திகிராமமோ, எங்கே படித்தீர்களோ அங்கே இன்றே விண்ணப்பியுங்கள்.

பெயர்: நம் ஊருக்கே உரிய தலைவலி இது. மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். கல்யாணமானவர்களுக்குக் கணவர் பெயர் வேறு சேர்ந்திருக்கும். நமக்கு இது ஒரே ஆள் என்று தெரியும், வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாது. வித்தியாசம் இருந்தால், என்ன அத்தாட்சி கொடுத்தால் ஏற்பீர்கள் என்று பள்ளியிடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள்.

போலீஸ் கிளியரன்ஸ்: பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. நாள்பட்ட சான்றிதழை ஏற்க மாட்டார்கள் என்பதால், வேலை உறுதியாகும் சமயத்தில் வாங்குங்கள்.

சான்றொப்பம்: பட்டத்துக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. 'அப்போஸ்டில்' உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. அதில் உள்ள மற்ற நாடுகளுக்கு அந்த முத்திரையே போதும். ஒரு ஆவணத்துக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய், சேவை மையக் கட்டணம் தனி. ஐக்கிய அரபு அமீரகம் போல அதில் சேராத நாடுகளுக்கு, அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் தேவை. 'அட்டஸ்டேஷனுக்கு மட்டும் 40 ஆயிரம்' என்று யாராவது சொன்னால் எந்த முத்திரைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

பணம் எவ்வளவு, யாரிடம்?

1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தர வேண்டும். நம் வாசகியிடம் கேட்ட ஒன்றரை லட்சத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். தமிழக அரசுக்கே 'அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்' 1978-லிருந்து இருக்கிறது. அதன் அறிவிப்புகளையும் கவனித்துவாருங்கள். சந்தேகம் என்றால், அயலகத் தமிழர் நலத் துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793.

இன்னொரு விஷயம். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதிச் சோதனை கிடையாது. அதனால், பட்டதாரிகள் கிளம்பும்போது அவர்களின் வேலை ஒப்பந்தத்தை அரசு வாங்கிப் பார்க்காது. படித்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் கணக்கு. எனவே சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுமுறை, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதில் உள்ள பள்ளியின் பெயரும் விசாவில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள், ஏஜென்ட் தரும் எண்ணுக்கு அல்ல. அங்கே போன பிறகு பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

கொடுத்த பணம் திரும்ப வர வேண்டும் என்று தேய்பிறை அஷ்டமிக்குத் தாடிக்கொம்பு பெருமாள் கோயில் சொர்ண ஆகர்ஷண பைரவரிடம் வேண்டிக்கொள்ள எவ்வளவு கூட்டம் வரும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வேண்டுதல் இருக்கட்டும். பணம் கொடுக்கும் முன்னால் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: பள்ளியின் வேலைக் கடிதம், ஏஜென்ட்டின் பதிவுச் சான்று, பணத்துக்கு ரசீது. மூன்றும் வந்தால், அடுத்து வேலை விசாவுக்கு விண்ணப்பியுங்கள். விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

மூன்றில் ஒன்று வராவிட்டாலும் அடுத்த வாய்ப்பைத் தேடுங்கள். ஆறு வருஷ அனுபவமும் பி.எட்.டும் எங்கேயும் போய்விடாது.

(உங்கள் கேள்விகளையும் அனுப்புங்கள், அடுத்த வாரம் பேசுவோம்!)