டெம்ப்ரரி கேப்போடு எட்டு மாசம் ஓட்டலாமா? பல் மேல போடுற ரெசின் கேப்பின் ஆயுள் கணக்கு!

ரூட் கேனல் முடிஞ்சு, பல்லைச் சுற்றிலும் செதுக்கி, அளவெடுத்து, மேலே ஒரு டெம்ப்ரரி கேப் ஒட்டி அனுப்புவாங்க. ``ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பர்மனென்ட் கேப் மாட்டிடலாம்'' என்பார் டாக்டர். வலி போயிடுச்சு, பார்க்கவும் பல் மாதிரியே இருக்கு. சம்பளம் வரட்டும், தீபாவளி முடியட்டும்னு அந்த ரெண்டு வாரம் எட்டு மாசம் ஆகிடும்.

இந்த கேப் பெரும்பாலும் ரெசின். அதில் ஒரு வகை, பி.எம்.எம்.ஏ எனும் அக்ரிலிக். இரண்டாம் உலகப்போரில் போர் விமானங்களுக்குக் கண்ணாடி மாதிரி பொருத்தியது இந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்கைத்தான்! இன்னொன்று பிஸ்-அக்ரைல், துப்பாக்கி மாதிரியான கருவியில் கலந்து பிழிந்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இறுகும்போது சுருங்குவது இதில் குறைவு. ஆனால், விழுந்தால் விரிசல் விடும்.

ஆனா, விஷயம் கேப்பைவிட அதற்கு அடியில் இருக்கும் பசையில்தான் இருக்கு. திரும்பக் கழற்ற வேண்டுமே என்று வேண்டுமென்றேதான் பலவீனமான பசையைப் போடுகிறார்கள். நாளாக நாளாக அது எச்சிலில் கரைந்து, ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். உள்ளே இருப்பது எனாமல் பெரும்பாலும் சீவப்பட்ட பல். கிருமி நுழைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். சாதாரணப் பல்லாக இருந்தால் கூசும், வலிக்கும், டாக்டரிடம் ஓடுவோம். ரூட் கேனல் செய்த பல்லில் நரம்பே இல்லை. அதனால் அலாரமும் அடிக்காது. கசிவு வேர்வரை இறங்கினால், செய்த ரூட் கேனலையே மறுபடி செய்ய வேண்டி வரலாம். பல் மிச்சமே இல்லாத அளவுக்குப் போனால், பிடுங்குவதுதான் வழி. வலி இல்லைன்னா பிரச்னை இல்லைன்னு நினைக்கிறதுதான் இங்கே ஆபத்து.

இன்னொரு சிக்கல், தேய்மானம். மெல்ல மெல்ல ரெசின் தேயும்போது எதிர்ப்பல் அந்த இடத்துக்கு இறங்கி வரும். கேப் உடைந்தால் பக்கத்துப் பல்லும் சாயும். அப்புறம், எட்டு மாசத்துக்கு முன்பு எடுத்த அளவில் லேபில் செய்துவைத்த பர்மனென்ட் கேப் உட்காராது. மறுபடி அளவு, மறுபடி செலவு. (மஞ்சள், டீக்கறை ஏறி செல்ஃபியில் காட்டிக்கொடுப்பதெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம்.)

எல்லா டெம்ப்ரரியும் ரெண்டு வாரச் சரக்கு இல்லை. தொழிற்சாலையில் அழுத்தி இறுக்கிய பி.எம்.எம்.ஏ கட்டியிலிருந்து மெஷினில் கடைந்தெடுக்கும் கேப் இன்னும் உறுதியானது. இம்ப்ளான்ட் ஆறும்வரை, கடிக்கும் உயரத்தை மாற்றிப் பார்க்கும்வரை எனப் பல மாதங்களுக்கு டாக்டரே திட்டமிட்டுப் போடுவதுண்டு. இடையிடையே செக்கப் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

இப்போ 3டி பிரின்ட்டரில் அச்சிட்டு, `பர்மனென்ட்' என்ற பெயரிலேயே ரெசின் கேப்கள் வருகின்றன. ரெசினை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. ஜப்பானில் 2014 முதல், கணினி உதவியோடு கடையும் ரெசின் கேப்பை முன்கடைவாய்ப் பற்களுக்கு அரசு இன்ஷூரன்ஸே ஏற்கிறது. அதேசமயம் 2015-ல், லாவா அல்டிமேட் எனும் ரெசின் கலந்த பொருளை முழு கேப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 3எம் நிறுவனமே சொன்னது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கழன்று வந்ததுதான் காரணம். உடைந்து அல்ல, ஒட்டு விட்டு! அச்சிடும் ரெசின்களுக்கு வயது ரொம்பக் குறைவு. பத்து வருஷம் தாங்கும்னு யாராவது அடிச்சுச் சொன்னா, ``எது ரெசின், எது ஜிர்கோனியா, எதுக்கு எவ்வளவு வாரன்ட்டி?'' என்று பில்லில் எழுதிக் கேளுங்க.

ஏற்கெனவே டெம்ப்ரரியோடு சுத்துறவங்களுக்கு... அந்தப் பக்கம் முறுக்கு, சூயிங்கம் வேண்டாம். ஃப்ளாஸை மேலே இழுக்காம பக்கவாட்டில் உருவுங்க. கழன்று வந்தால் ஃபெவி குவிக் போட்டு ஒட்டாதீங்க; கேப்பைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு, அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க.