பெயரிழந்த பணியாரம்

ஓர் இனம் தன் உரிமையை இழப்பது போர்க்களத்தில் மட்டுமன்று, அடுக்களையிலும் இழக்கும். போர்க்களத்தில் இழந்தது வரலாற்றில் எழுதப்பெறும். அதை மீட்கும் வேட்கையும் உடன் பிறக்கும். அடுக்களையில் இழந்ததையோ எவரும் எழுதி வைப்பதில்லை. இழந்தவர்க்கே இழப்புத் தெரிவதில்லை. முதலில் பண்டம் இருக்கும், பெயர் போயிருக்கும். சில காலஞ் சென்றபின் பண்டமும் போயிருக்கும்.

பெருநகரங்களின் உயர்வகை உண்டிச்சாலைகளில் விழாக்காலந் தோறும் 'பிற்பகல் தேநீர் விருந்து' என்னும் ஒன்று இக்காலத்தே பெருகி வருகின்றது. மூன்றடுக்குத் தட்டில் சிறு சிறு இன்பண்டங்களை அடுக்கி, பீங்கான் கிண்ணத்தில் தேநீர் ஊற்றித் தருவர். இவ்வழக்கம் 1840-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பெட்போர்டுக் கோமாட்டி அன்னாள் என்பாரால் பரவியது என்பர். நண்பகல் உணவுக்கும் நெடுநேரங் கழித்து வரும் இரவுணவுக்கும் இடையே எழுந்த பசிக்கு அவ்வம்மையார் கண்ட மருந்து அது. இன்று அத்தட்டில் ஆங்கிலர் பண்டங்களோடு சப்பானியர் பண்டங்களும் ஏறியுள்ளன. பச்சைத் தேயிலைத் தூள் கலந்த அணிச்சல், அவரையின விழுதை உள்வைத்த மோச்சி, வேனில் மலரின் வடிவில் பிடித்த மாவுருண்டை எனப் பலவும் உள.

பிறர் பண்டத்தைச் சுவைப்பது குற்றமன்று. நாவுக்கு நாட்டெல்லை இல்லை. வினவ வேண்டுவது வேறொன்று. சப்பானியப் பண்டம் கடல் கடந்து வரும்போது மோச்சி மோச்சியாகவே வருகின்றது. ஆனால் அதே பட்டியலில் தமிழரின் கொழுக்கட்டை இடம்பெறுமாயின், 'சுவீட் டம்ப்ளிங்' என்று முகமூடி அணிந்தன்றோ வருகின்றது! பணியாரம் 'பான்கேக்' ஆகின்றது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த பண்டம் தன் பெயரோடு அமர்ந்திருக்க, பிறந்த மண்ணின் பண்டம் பெயரைத் தொலைத்துவிட்டு அதனருகே கூனி நிற்கின்றது. இஃது எதனால் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சப்பானியர் செய்தது என்ன?

சப்பானியர் பிறரிடம் ஒன்றுங் கொள்ளாதவர் அல்லர். 1543-இல் போர்த்துக்கீசியர் அந்நாட்டை அடைந்தனர். 1571-இல் நாகசாகித் துறைமுகம் அவர்தம் வணிகத்திற்குத் திறந்தது. அவர்கள் கொணர்ந்த முட்டை, மாவு, சருக்கரை சேர்ந்த அணிச்சலைச் சப்பானியர் கற்றுக்கொண்டனர். காசுத்தீல் நாட்டு அப்பம் என்ற பெயர் அவர் நாவில் 'காசுத்தேரா' ஆயிற்று. 1639-இல் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். காசுத்தேரா மட்டும் நின்றது. இன்று அது நாகசாகியின் சொந்தப் பண்டமாக மதிக்கப்பெறுகின்றது.

பின்னும் ஒன்று. 1874-இல் தோக்கியோவின் கிஞ்சாப் பகுதியில் கிமுரா குடும்பத்தார், மேலைநாட்டு வெதுப்பியைத் தம் நாட்டு அரிசிக் கள்ளின் நொதியால் புளிக்கவைத்து, உள்ளே செம்பயற்றின் இனிப்பு விழுதை வைத்துச் சுட்டனர். அதற்கு 'அன்-பான்' என்று பெயர். அன் என்பது விழுது. பான் என்பது வெதுப்பிக்குரிய போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. ஈழத்தமிழர் 'பாண்' என்று வழங்குவதும் அதே சொல்லே. 1875-இல் அப்பண்டம் பேரரசர் மெய்சிக்குப் படைக்கப்பெற்றது. உப்பிலிட்ட மலர் ஒன்றை அதன் நடுவில் பதித்திருந்தனர். வெளியார் பண்டத்தைத் தம் பயற்றாலும் தம் மலராலும் தமதாக்கிக் கொண்டனர் என்பதே இதன் பொருள்.

மேலைப் பண்டங்கள் மிகுதியாகப் புகுந்த அக்காலத்தே அவர்கள் மற்றொன்றுஞ் செய்தனர். தம் பண்டங்களை 'வாகாசி' என்றும், மேலைநாட்டுப் பண்டங்களை 'யோகாசி' என்றும் பெயரிட்டுப் பிரித்தனர். எது தமது, எது பிறரது என்னும் வேலியைச் சொல்லால் இட்டனர். வேலி இட்டபின் இரண்டையும் மகிழ்ந்துண்டனர்.

அவர்தம் தேநீர்ச் சடங்கில் கசப்புமிக்க தேநீருக்கு முன்னே இன்பண்டம் தரப்பெறும். அப்பண்டத்திற்கு அந்தந்தப் பருவத்திற்கேற்ற தனிப்பெயர் ஒன்றுண்டு. பனி, மலர், நிலவு, உதிரும் இலை என இயற்கையினின்றும் பழம்பாடல்களினின்றும் எடுத்த பெயர்கள் அவை. விருந்தினர் அப்பெயரைக் கேட்பதும், விருந்தளிப்பவர் அதனைச் சொல்வதும் அச்சடங்கின் ஒரு பகுதி.

சப்பானிய மொழியிலும் இன்று ஆங்கிலச் சொற்கள் வெள்ளம்போல் புகுந்துள்ளன. அது தூய்மை காத்து நிற்கும் மொழியெனச் சொல்வதற்கில்லை. ஆயினும் தம் பண்டத்தைப் பிறர்முன் வைக்கும்போது தம் பெயரை மறைப்பதில்லை என்னும் ஒன்றை அவர்கள் விட்டிலர். அவ்வொன்றே அவர்தம் பண்டத்தை உலகெங்கும் ஏற்றியது.

புதுக்கோட்டைச் சீமையின் அடுக்களை

தமிழர்க்கு இவ்வாற்றல் இல்லையோ எனின், உண்டு. அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. புதுக்கோட்டை மாவட்டத்தில் இராயவரம், அரிமளம், இராங்கியம், விராச்சிலை, குழிபிறை, பொன்னமராவதி எனப் பரந்து கிடக்கும் நகரத்தார் ஊர்களின் அடுக்களையை நோக்கினாலே போதும்.

அங்கே விருந்துக்குச் சமைக்கும் கவுனியரிசி என்பது கருநிறமான ஒட்டரிசி. நகரத்தார் வாணிகத்தின்பொருட்டுப் பருமாவுக்குச் சென்றபோது ஆங்கிருந்து கொணர்ந்தது. ஒட்டரிசியைக் குறிக்கும் பருமியச் சொல்லே தமிழர் நாவில் 'கவுனி' எனத் திரிந்தது என்பர். ஊறவைத்து வேகவைத்த அவ்வரிசியில் சருக்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துத் தமிழ் விருந்தில் முதலிடந் தந்தனர். சப்பானியர்க்குக் காசுத்தேரா எப்படியோ, அப்படியே தமிழர்க்குக் கவுனியரிசி. மோச்சி செய்யப் பயன்படுவதும் ஒட்டரிசியே. ஓர் இனத்துப் பொருள்கள் இரண்டு. ஒன்று உலகப் பட்டியலில் தன் பெயரோடு ஏறியது. மற்றொன்று தன் ஊர் எல்லையைத் தாண்டத் தயங்குகின்றது.

அவ்வூர்களின் பிற பண்ணியங்களைப் பாருங்கள். வெள்ளைப் பணியாரத்திற்கு ஆழாக்கு நிறையப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக உளுந்தைக் குவித்து அளவு கொள்வர். வெண்ணெய்போல் அரைத்த மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றினால் விளிம்பு பூத்து நடுவெழும்பும். சிவக்குமுன் எடுத்தல் வேண்டும். 'வெள்ளை' என்னும் அடைமொழியே அதன் பக்குவத்தைச் சொல்லும் இலக்கணம். சீப்புச்சீடை என்பது அச்சில் பிழிந்த வரிப்பட்டையை விரல்மேற் சுற்றி, ஓரம் ஒட்டி எடுத்துப் பொரிப்பது. சீப்புப் பல்போன்ற அவ்வரிகளே அதன் பெயர். தேன்குழல் என்றால் குழல். பால் பணியாரம் என்றால் பாலில் ஊறியது. இப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. செய்முறையை நினைவில் வைத்த சுருக்கெழுத்துகள். 'பான்கேக்' என்ற பெயரில் வெண்மையும் இல்லை, விளிம்பும் இல்லை, கோபுர உளுந்தும் இல்லை. பெயரை மாற்றியவன் பக்குவத்தையும் அழித்தவனாகின்றான்.

விழாவோடு பண்டத்தைப் பிணைத்ததிலும் தமிழர் எவர்க்கும் இளைத்தவரல்லர். சப்பானியர் மே 5-ஆம் நாள் சிறுவர் விழாவிற்கு இலையில் பொதிந்த மோச்சி செய்வர். தென்தமிழ்நாட்டில் கார்த்திகை விளக்கீட்டன்று பனையோலையில் பொதிந்து கொழுக்கட்டை அவிப்பர். நகரத்தாரின் பிள்ளையார் நோன்போ இன்னும் நுட்பமானது. கார்த்திகை விளக்கீட்டிற்குப்பின் 21 நாள் கழித்து, 21 இழை நூலால் திரி செய்து, இனிப்பு மாவிற் பதித்து, சுடரோடு எடுத்துண்பர். சுடரையே பண்ணியத்தோடு உண்ணும் வழக்கம் உலகில் வேறெங்கு உளது? இதனைப் படமெடுத்து, பெயர் சொல்லி, பொருள் விளக்கி உலகின்முன் வைத்திருப்பின் வியவாதார் யார்?

இவ்வூர்களுக்குச் சப்பானோடு உள்ள தொடர்பும் நினைக்கத்தக்கது. 1942-இல் சப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியபோது, அங்கு வாணிகஞ் செய்த நகரத்தார் பலர் உடைமை துறந்து தாயகம் மீண்டனர். 1948-இல் பருமா விடுதலை பெற்றபின் நிலங்கள் நாட்டுடைமையாயின. பெருஞ்செல்வம் போயிற்று; மாளிகைகள் நின்றன. அவற்றுட் சில இன்று வெளிநாட்டார் தங்கும் விடுதிகளாகியுள்ளன. திருமயத்திற்கு அணித்தேயுள்ள கடியாபட்டியின் சிதம்பர விலாசு அத்தகைய ஒன்று. தேக்குத் தூண்களையும் வெண்சுண்ணச் சுவர்களையுங் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். செல்வம் போனபின்னும் எஞ்சிய முதல் இரண்டு: ஒன்று மாளிகை, மற்றொன்று ஆச்சிமாரின் கைப்பக்குவம். மாளிகைக்குக் காவலர் உளர். கைப்பக்குவத்திற்குக் காவல் அதன் பெயரே.

தடை கூறுவார்க்கு விடை

'வெளியார்க்குத் தமிழ்ப் பெயர் விளங்காதே' என்பர். மோச்சி என்பது எவர்க்கு விளங்கிற்று? இத்தாலியரின் பீட்சா எந்த அகரமுதலியைப் பார்த்தபின் உண்ணப்பட்டது? முதலில் நா அறியும். பின் செவி பழகும். அதன்பின் பெயர் நிலைக்கும். விளக்கம் வேண்டுமாயின் பெயருக்குக் கீழே எழுதலாம். பெயருக்கு மாறாக எழுதலாகாது.

'வாணிகத்திற்கு ஒவ்வாது' என்பர். வாணிகமே இதற்கு மறுமொழி தந்துவிட்டது. 2019-இல் சீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், 2023-இல் மணப்பாறை முறுக்கும் புவிசார் குறியீடு பெற்றன. மிட்டாய் என்பது வடபுலச் சொல்லே ஆயினும், ஊர்ப்பெயரோடு கூடிய அப்பெயரே அங்கே சட்டத்தின் காப்பைப் பெற்றது. பெயர் இல்லாத பண்டத்திற்கு எந்தச் சட்டமும் காப்பளிக்க இயலாது. 'பான்கேக்' என்று விற்றவன் நாளை எந்த உரிமையைக் கேட்பான்?

'இஃது அற்பச் செய்தி' என்பாரும் உளர். திருமணச் சீருக்கும் விழாவிற்கும் பண்ணியஞ் செய்து தந்து வாழும் பெண்டிரை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பெயரோடு கேட்டு வாங்குவார் உள்ளவரை அவர்தம் கை மதிக்கப்பெறும். பெயர் அழிந்தால் பொறியில் அச்சிட்ட போலிப் பண்டம் அவ்விடத்தைப் பிடிக்கும். அதுவும் 'டம்ப்ளிங்' தானே!

செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருத்தல் வேண்டும் என்னும் விதி நெடுநாளாக உள்ளது. பலகை வாயிலில் நிற்பது. உணவுப் பட்டியலே வாயருகே வருவது. அப்பட்டியலில் தமிழ்ப் பண்ணியங்கள் தம் பெயரோடு, தமிழெழுத்தில் முதலிலும் பிறவெழுத்தில் அடுத்தும் அச்சாதல் வேண்டும். உண்பவர் அப்பெயர் சொல்லியே கேட்டல் வேண்டும். பெயர் தெரியாத பணியாளரிடம் சினவாது சொல்லித்தருதல் வேண்டும்.

சொற்களுக்குப் பஞ்சமில்லை. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையின் இரவங்காடியில் மோதகமும் அடையும் விற்றோர் உளர். அப்பம் சுட்டு விற்றோர்க்குக் 'கூவியர்' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையும் அவரைக் கூறும். 'பேசுட்ரி செஃப்' என்று சொல்லிப் பெருமைகொள்ளும் இளைஞன், தன் தொழிலுக்கு ஈராயிரமாண்டுப் பெயர் இருப்பதை அறியான். பண்ணியம் என்பது பழஞ்சொல். பணியாரம் அதன் உறவு. அடுமனை, வெதுப்பி, அணிச்சல் என்பன வழக்கில் வந்துவிட்டன. தேநீர் என்னுஞ் சொல்லே ஒரு பாடம். 'தே' சீனத்துக் கடற்கரைப் பேச்சினின்று வந்தது, 'நீர்' தமிழ். வந்ததைத் தமிழோடு சேர்த்துத் தனதாக்கிய சொல் அது.

சப்பானியப் பண்டத்தை விரும்புவோர் விரும்பி உண்க. உண்ணும்போது அதன் பெயரையுங் கேட்க. கேட்டபின் ஒன்று நினைக்க: இப்பெயரைக் காத்தவர் அதனைச் செய்த மக்களே. வெள்ளைப் பணியாரத்தின் பெயரைக் காக்கச் சப்பானியர் வாரார், ஆங்கிலரும் வாரார். அதைச் சுடுவோரும் உண்போருமே காத்தல் வேண்டும். மூன்றடுக்குத் தட்டில் அதற்கு இடங் கிடைப்பது பெரிதன்று. கிடைத்த இடத்தில் தன் பெயரோடு அமர்வதே பெரிது.