கூலி தலைவிதியா?

"விளைச்சல் மழையைப் பொறுத்தது, மழை கடவுளைப் பொறுத்தது, ஆகவே கூலியும் கடவுள் விட்ட வழி" என்று சொல்லும் நிலக்காரர்களும், அதைக் கேட்டுத் தலையாட்டும் கூலிக்காரத் தோழர்களும் நம் திருவாடானைப் பக்கத்திலே இன்னும் உண்டு. கண்மாய் நிறைந்த வருஷத்தில் கூலி ஏன் நிறையவில்லை என்று கேட்டால் மட்டும் அந்தக் கடவுள் வாய் திறப்பதில்லை!

விவசாயக் கூலியை நிர்ணயிக்கவே முடியாதா? அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் 1931-ம் வருஷத்திலேயே நிர்ணயித்தார்களே! ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க ஜாதியார் விதித்த 11 தடைகளில் ஒன்று இது: காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதாரிடம் உழைக்க வேண்டும்; கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. படிக்கக் கூடாது, வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக் கூடாது என்பவையும் அதிலே சேர்ந்தவை. இது நாம் கட்டிய கதையல்ல. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஜாதியைப் பற்றி எழுதிய புத்தகத்திலே இருக்கிறது. அன்று எந்த மழையைக் கேட்டு, எந்தக் கடவுளைக் கேட்டுக் கூலி வைத்தார்கள்? இதற்குமேல் கொடாதே என்று வரம்பு கட்டத் தெரிந்தவர்களுக்கு, இதற்குக் கீழே கொடாதே என்றால் மட்டும் கணக்கு மறந்துபோகுமா?

சர்க்காரின் யோக்கியதையையும் பார்ப்போம். 1917-ல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் இங்கிலாந்துக்கு வந்த தானியக் கப்பல்களை மூழ்கடித்தன. வயிறு காயும் என்ற பயம் வந்ததும், திடமான ஆண் விவசாயத் தொழிலாளிக்கு வாரம் 25 ஷில்லிங்குக்குக் குறையக் கூடாது என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. யுத்தம் முடிந்து பயம் தீர்ந்ததும், 1921-ல் அதே பார்லிமெண்டு அதை ரத்து செய்தது, கூலி சரிந்தது. மறுபடியும் யுத்தம் வந்து 1940-ல் 48 ஷில்லிங் என்று வைத்தார்கள்.

அதே வெள்ளைக்காரச் சர்க்கார்தானே இங்கேயும் ஆண்டது? 1942-ல் பர்மா அரிசி நின்றது, விலை ஏறிற்று. அரிசியை விளைவித்தவனுக்கு இத்தனை கூலி என்று ஒரு சட்டமாவது உண்டா? இல்லை. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் 15 லட்சம் பேர் மாண்டதாக அவர்கள் வைத்த கமிஷனே கணக்குச் சொல்லிற்று. மாண்டவர்களில் நிலமற்ற கூலிக்காரர்கள் ஏராளம். நெல் விளைந்த நாட்டிலே, விலைக்குத் தக்க கூலி இல்லாததால் செத்தார்கள். இதற்குப் பெயர் தலைவிதியா?

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தியாவுக்கு 1948-ல்தான் வந்தது. காகிதத்தில் வந்ததே ஒழிய வயலுக்கு வந்துவிடவில்லை. 20 வருஷம் கழித்து, 1968-ல், கூலி உயர்வு கேட்ட தகராறில்தான் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் தஞ்சைக்கு 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது.

தோழர்களே, கூலியை வைப்பது கடவுளல்ல, மனிதன். பலமுள்ளவன் வைத்தால் 4 அணா. அவன் பயந்தால் 25 ஷில்லிங். பயம் தெளிந்தால் அதுவும் இல்லை. ஆகையால் யுத்தமும் பஞ்சமும் வந்து நமக்குக் கூலி வாங்கித் தர வேண்டாம். ஆணும் பெண்ணும் ஜாதி பாராமல் ஒன்றாய் நின்று, சர்க்கார் வைத்த கூலி எவ்வளவு, உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று இந்த நடவிலேயே கேளுங்கள். கேட்கிறவனுக்குத் தலைவிதி கிடையாது.