பிள்ளை பேசட்டும், தீர்ப்பு சொல்ல வேண்டாம்

குடும்ப நல நீதிமன்றத்தில் வாய்தா நெருங்க நெருங்கச் சில வீடுகளில் ஓர் ஒத்திகை நடக்கிறது. “ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லுவே? அம்மாகூடத்தான் இருப்பேன்னு சொல்லணும், சரியா?” இன்னொரு வீட்டில் அதே ஒத்திகை அப்பாவின் பெயரில். இரண்டு வீட்டுக்கும் பிள்ளை ஒன்றுதான்.

சட்டம் இந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றவில்லை. விவரம் தெரிந்து விருப்பத்தைச் சொல்லும் பக்குவம் பிள்ளைக்கு இருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது, 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். இத்தனை வயது என்று வரம்பு வைக்கவில்லை. இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளையின் நலனையே எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறது. விருப்பத்தைச் சொல்வது பிள்ளை; முடிவெடுப்பதும் அதற்குப் பொறுப்பேற்பதும் நீதிபதி.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் இது விளங்கும். தாயை இழந்து, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கக் கீழ் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருந்தன. அவனிடம் கேட்கவில்லையே என்று 2008-இல் குறை கண்ட நீதிபதிகள், தாங்களே அழைத்துப் பேசினார்கள். தந்தையிடம் போக மாட்டேன் என்றான். அவனைத் தாத்தா பாட்டியிடமே விட்டார்கள். 2017-இல் வேறொரு வழக்கு. தந்தையிடமே வளர்ந்த எட்டு வயதுச் சிறுமிக்குத் தாயோடு பழக வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை. பழகாத தாயை எப்படி விரும்புவாள்? முதலில் ஓராண்டு தாயோடு இருக்கட்டும் என்றது நீதிமன்றம்.

இரண்டிலும் நீதிபதிகள் பிள்ளையின் விருப்பத்துக்குப் பின்னே இருந்த வாழ்க்கையைப் பார்த்தார்கள். அதற்குப் பொறுமை வேண்டும். பெற்றோரும் வக்கீல்களும் இல்லாத அறையில், ஆலோசகரின் துணையோடு, ஒருமுறைக்கு இருமுறை பேச வேண்டும். யாரோடு இருப்பாய் என்று தொடங்காமல், பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது, உடம்பு சரியில்லாதபோது யாரைத் தேடுவாய், எதற்குப் பயம் என்று கேட்டாலே வேண்டியது தெரிந்துவிடும். அடி உதை நடந்த வீடாக இருந்தால் அதுவும் அங்கேதான் வெளிவரும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணவன் மனைவி உறவைச் சட்டம் முறிக்கலாம். அம்மா, அப்பா என்ற உறவை முறிப்பதில்லை. உங்கள் வழக்குக்குப் பிள்ளையைச் சாட்சியாக்காதீர்கள். “நீ யாரிடம் இருந்தாலும் எனக்குக் கோபமில்லை” என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். அந்த உறுதி கிடைத்த பிள்ளையால்தான் நீதிபதியிடம் உண்மையைச் சொல்ல முடியும்.