ஈஸ்டுக்குள் ஒரு கத்தரி

வத்தலக்குண்டு ரொட்டிக் கடையில் மாவு பொங்குவதைக் கண்ட சிறுமி ஒருத்தி, "சாமி, ஈஸ்ட் எல்லாம் ஒன்றுதானே?" என வினவினாள். ஆம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையன்று.

ஈஸ்ட் ஒருசெல் பூஞ்சை. அதற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, தனக்கு வேண்டிய புரதங்கள் சிலவற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அதற்கான அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் சிறு ஆர்.என்.ஏ.க்கள், முன்முனையில் வேண்டாத துண்டொன்றுடன் உருவாகின்றன. அதை நறுக்கும் நொதியே ஆர்.என்.ஏஸ் பி.

நொதி என்றால் புரதம் என்றே பள்ளியில் படித்தேன். பாக்டீரியாவிலோ இந்நொதியில் வெட்டுவது ஆர்.என்.ஏ.தான் எனக் கண்டறிந்த சிட்னி ஆல்ட்மன், தாமஸ் செக்குடன் 1989-இல் நோபல் பரிசு பெற்றார்.

ரொட்டி ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவில் அந்த ஆர்.என்.ஏ. ஏறக்குறைய 490 அலகு நீளம். சிக்கிமில் மது புளிக்கவைக்கும் 'மார்ச்சா' மாவில் வாழும் சாக்கரோமைகாப்சிஸ் ஃபிபுலிஜெரா என்னும் ஈஸ்டிலோ 140 அலகுகளே! மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஓரங்கள் உதிர்ந்து, இன்றியமையாத மையம் மட்டும் எஞ்சியுள்ளது. ரொட்டி ஈஸ்டில் ஆர்.பி.எம்.2 என்னும் பெரும் புரதமும் அதனுடன் சேர்ந்து உழைக்கிறது.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் கத்தரியில் ஆர்.என்.ஏ.வே இல்லை, மூன்று புரதங்கள்தாம் என 2008-இல் தெரியவந்தது. அவற்றுள் இரண்டின் மரபணுக்களில் நேரும் பிழைகள் பச்சிளங் குழந்தைகளின் உயிரையே பறிக்கக்கூடும்.