கருணை வேண்டாம், கட்டணத்தைக் குறையுங்கள்

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஏழைகளை இணையத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டன என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பொருளாதாரக் கட்டுரையாளர்களும் சொல்கிறார்கள், டீக்கடை பெஞ்சிலும் சொல்கிறார்கள். உலகின் மிக மலிவான டேட்டா கிடைக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று, ஊருக்கு ஊர் டவர் இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. எஞ்சிய குறையை நிறுவனங்களின் சமூகப் பொறுப்புத் திட்டங்கள் தீர்த்துவைக்கும். ஆண்டுதோறும் வெளியாகும் நிலைத்தன்மை அறிக்கைகள் இந்த நம்பிக்கைக்குப் படம் போட்டுத் தருகின்றன: கணினி வகுப்பில் சிரிக்கும் பள்ளிச் சிறுமி, கைப்பேசியோடு நிற்கும் சுயஉதவிக் குழுப் பெண், டவரின் அருகே பளபளக்கும் சூரியத் தகடு.

இந்த நம்பிக்கை பிழையானது. ஏழைக்கு உரிமையாகச் சேர வேண்டியதை நிறுவனத்தின் நல்லெண்ணமாக அது மாற்றிவிடுகிறது. நல்லெண்ணத்திடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது.

டேட்டா விலை குறைந்தது உண்மை. 2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்கு வருவதற்கு முன் ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் வரை கொடுத்தோம். சில ஆண்டுகளில் அது சுமார் 10 ரூபாய்க்கு இறங்கியது. அதனால் படித்தவர்களும் தொழில் தொடங்கியவர்களும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஜிபி என்ன விலை என்பது நிறைய டேட்டா வாங்கக்கூடியவரின் கேள்வி. பட்டன் போன் வைத்திருக்கும் முதியவளுக்கு இருப்பது ஒரே கேள்விதான்: இந்த மாதம் என் நம்பர் சாகாமல் இருக்கக் குறைந்தது எவ்வளவு கட்ட வேண்டும்?

இந்தக் கேள்விக்கான விடை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2003 மே மாதம் இன்கமிங் அழைப்புகள் இலவசமாயின. 2005 இறுதியில் 999 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுதும் இன்கமிங் என்ற திட்டங்கள் வந்தன. பத்து ரூபாய் டாப்-அப் போட்டுக்கொண்டு மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தியவர்கள் ஏராளம். 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் மாதம் 35 ரூபாயாவது ரீசார்ஜ் செய்தால்தான் இணைப்பு நிலைக்கும் என்றன. 2021இல் ஏர்டெல்லின் குறைந்தபட்சத் திட்டம் 79 ரூபாய் ஆனது, அதே ஆண்டில் 99 ஆனது. 2023 தொடக்கத்தில் 155 ஆனபோது வேலிடிட்டியும் 24 நாளாகச் சுருங்கியது. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் விலையை உயர்த்தின. அதன்பின் ஏர்டெல்லின் 28 நாள் தொடக்கத் திட்டம் 199 ரூபாய், ஜியோவுடையது 189 ரூபாய். ஜியோபாரத் போனுக்கு 123 ரூபாய்த் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அந்தப் போனை வாங்கினால்தான் அந்த விலை.

மாதம் என்று சொல்லி 28 நாளுக்கு விற்பதால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 199 ரூபாய் வீதம் 13 முறைக்கு 2,587 ரூபாய். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையானவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய், ஆண்டுக்கு 2,400 ரூபாய். அந்த 28 நாள் ரீசார்ஜில் ஓராண்டு முழுதும் ஒரு சிம்மை உயிரோடு வைத்திருக்க இந்தத் தொகை போதாது. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து 1,200 ரூபாய் தரும் தமிழ்நாட்டிலும் ஆறில் ஒரு பங்கு சிம்முக்கே போய்விடுகிறது. மலிவு என்று நாம் கொண்டாடுவது இந்த விலையைத்தான்.

வேண்டாமென்றால் போனை விட்டுவிடலாமே என்று சொல்ல இன்று யாருக்கும் வழியில்லை. வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு உருளை, உதவித்தொகை எல்லாம் ஓடிபி வரும் எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. 2021இல் 18 வயது முதல் 44 வயது வரையானவர்கள் கொரோனா தடுப்பூசி போட முதலில் கோவின் தளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டியிருந்தது; இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே அரசைக் கேட்டது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலிக்குள் போனது. சிக்னல் இல்லாத பணித்தளத்தில் மண் வெட்டியவர் கூலிக்காக அலைய நேர்ந்தது. ரீசார்ஜ் இல்லாமல் பல மாதம் கிடக்கும் எண் முடக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்குப் போய்விடுகிறது. அதோடு ஒரு குடிமகளின் அடையாளமும் அறுந்துபோகிறது. அரசு கட்டாயமாக்கிய ஒன்றை நிறுவனம் தன் விருப்பத்துக்கு விலை வைத்து விற்கிறது என்பதுதான் இன்றைய நிலை.

2024 உயர்வுக்குப் பிந்தைய மாதங்களில் தனியார் நிறுவனங்கள் இலட்சக்கணக்கில் இணைப்புகளை இழந்தன. பிஎஸ்என்எல்லுக்கு மாறியவர்கள் கூடினார்கள். இரண்டாவது சிம்மை விட்டவர்கள்தான் அவர்கள் என்று விளக்கம் தரப்பட்டது. அப்படிப் பலர் இருக்கலாம். ஆனால் இருந்த ஒரே சிம்மை இழந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எந்த நிலைத்தன்மை அறிக்கை நமக்குச் சொல்கிறது? 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி இருந்த பெண்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 விழுக்காடு, பெண்களில் 33 விழுக்காடு. வீட்டில் ஒரு ரீசார்ஜுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது யாருடைய போனுக்குப் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தில் திறக்கப்படும் கணினி ஆய்வகத்தை நான் எதிர்க்கவில்லை. பள்ளிக்கு ஆய்வகம் கொடுத்த அதே நிறுவனம், அந்தப் பள்ளிக் குழந்தையின் தாயிடம் 28 நாளுக்கு ஒருமுறை 199 ரூபாய் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நிறுவனம் உள்ளே சேர்த்தவர்கள் அதிகமா, வெளியே தள்ளியவர்கள் அதிகமா என்று தெரியும். அறிக்கை முதல் பாதியை மட்டும் சொல்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால் விலை உயர்வால் இணைப்பை இழந்தவர்களின் கணக்கை அது கேட்பதில்லை.

தனியார் முதலீடுதான் கிராமங்களுக்கு சிக்னல் கொண்டுபோனது என்பதும் பாதி உண்மைதான். 2002 ஏப்ரல் முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு பொதுச்சேவை நிதிக்காகப் பிடிக்கப்படுகிறது. அது நாம் கட்டும் கட்டணத்திலிருந்து போகும் பணம். இலாபம் வராத மலைக்கும் தீவுக்கும் டவர் வைக்கும் வேலை பெரும்பாலும் அந்த நிதியின் மேலும் பிஎஸ்என்எல்லின் மேலும்தான் விழுந்தது. 2022 ஜூலையில், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் சேவை கொண்டுபோகும் பொறுப்பை மத்திய அமைச்சரவை பிஎஸ்என்எல்லிடம் கொடுத்தது. போட்டியும் விளம்பரமும் அத்தனை ஆண்டுகள் நடந்த பின்னும் அத்தனை ஊர்கள் மிச்சம் இருந்தன.

ஏழைகளின் பேரைச் சொல்லி வியாபாரத்துக்கு வழி தேடியதும் நடந்திருக்கிறது. 2015இல் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, இணையமே பார்க்காதவர்களுக்கு இலவச இணையம் என்று ஃப்ரீ பேசிக்ஸ் தளத்தை முன்வைத்தது. தளத்தில் எவை இடம்பெறும் என்பது நிறுவனம் வகுத்த விதிகளைப் பொறுத்தது. இலட்சக்கணக்கானோர் எதிர்த்து எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8ஆம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், உள்ளடக்கத்தைப் பொறுத்து கட்டணத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்று தடை விதித்தது. ஏழைக்கு முழு இணையமும் வேண்டும் என்று அன்று உறுதியாகச் சொன்னது ஒழுங்குமுறை ஆணையம். எந்த நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவும் அதைச் சொல்லவில்லை.

சுற்றுச்சூழல் வாக்குறுதியின் கதையும் இதுதான். 2015க்குள் கிராமப்புற டவர்களில் 50 விழுக்காடும் நகர்ப்புற டவர்களில் 20 விழுக்காடும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் சேர்த்து இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2012இல் உத்தரவிட்டது. செலவு கட்டுப்படியாகாது என்று நிறுவனங்கள் முறையிட்டன. 2017இல் ட்ராய் அந்தக் கேள்வியை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவரும் கிராமத்தவரே. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது காவிரிப்படுகையில் மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை. மின்சாரமும் டீசலும் இல்லாத டவர் பேசாது. உதவி கேட்டுக் கூப்பிட வேண்டிய நேரத்தில் சிக்னல் போனது. டவரில் சூரியத் தகடும் நல்ல பேட்டரியும் இருப்பது பூமிக்கு எவ்வளவு நன்மையோ, அந்த ஊருக்கும் அவ்வளவு நன்மை. அறிக்கையில் இவை இரண்டு தனி அத்தியாயங்கள். ஊரில் இரண்டும் ஒன்றே.

நிறுவனங்களின் தரப்பும் கேட்க வேண்டியதுதான். அலைக்கற்றைக் கட்டணம் அதிகம். 2019 அக்டோபரில் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய் (ஏஜிஆர்) வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெரும் கடனைச் சுமத்தியது. இலாபமில்லாத நிறுவனம் யாருக்கும் சேவை செய்ய முடியாது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் சராசரி மாத வருவாய் 300 ரூபாயை எட்ட வேண்டும் என்று ஏர்டெல் தலைமை பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. வியாபாரத்தின் கணக்கு அது. ஆகவேதான் ஏழையின் இணைப்பை வியாபாரத்தின் மனசாட்சியிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறேன்.

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களின் தொலைபேசிக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கும் லைஃப்லைன் திட்டம் 1985 முதல் நடக்கிறது. நம்மிடம் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறிய அதே பொதுச்சேவை நிதி இருக்கிறது. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை 1997ஆம் ஆண்டு ட்ராய் சட்டம் ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. ஆனால் ஆணையம் கைப்பேசிக் கட்டணங்களை நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவைத்திருக்கிறது. 2024 டிசம்பரில், டேட்டா வேண்டாதவர்களுக்கு அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று அது உத்தரவிட்டது. விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வந்த திட்டங்கள் 84 நாளுக்கு 400 ரூபாய்க்கு மேல். அன்றாடக் கூலிக்காரர் ஒரே நாளில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்?

அடிப்படை இணைப்புக்கு 30 நாள் திட்டம் ஒன்றை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும். அதன் உச்ச விலையை ட்ராய் நிர்ணயிக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குவோருக்கும் வறுமைப் பட்டியலில் உள்ளோருக்கும் அந்த விலையை டிஜிட்டல் பாரத் நிதி ஏற்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் துண்டிக்கப்பட்ட எண்களையும், டவர்கள் முடங்கிய நேரத்தையும், எரித்த டீசலையும் நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாழ்வுரிமையை எந்த நிறுவனத்தின் கொடைப் பட்டியலிலும் எழுதிவைக்க முடியாது. அதைச் சட்டத்தில் எழுத வேண்டும். எழுதச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.