பாட்டி புடவைக்கு எந்த ஊசி?

செம்பூரின் பழைய தமிழ்க் குடும்பங்களில் பீரோவின் அடித்தட்டில் ஒன்றாவது இருக்கும்: உடுத்த ஆளில்லாத ஒன்பது கஜம். தூக்கிப் போட மனம் வராது. பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பழம் பருத்திப் புடவைகளை அடுக்கி, நெடுக ஓட்டுத் தையல் போட்டால் கோதடி. மும்பையின் ஜனவரிக் குளிருக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஒன்பது கஜத்தை நான்காக மடித்தால் இரண்டு மீட்டர் நீளம். ஓர் ஆள் போர்த்திக்கொள்ளக் கச்சிதம்.

கையால் தைத்தவரை தொல்லை இல்லை. மெஷினில் தைக்கும்போதுதான் வம்பு. நான்கு மடிப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு என்றானதும் தையல் விட்டுவிட்டு விழுகிறது, அல்லது ஊசி ஒடிகிறது. உடனே பலரும் 18ஆம் நம்பர் ஊசிக்குத் தாவுகிறார்கள். ஊசி ஒடியாதுதான். ஆனால் வருஷக்கணக்கில் துவைத்து நைந்த துணியில் அது போட்ட ஓட்டை மூடுவதில்லை. சில சலவைக்குப் பின் தையல் ஓரமாகவே கிழிகிறது. புதுத் துணி என்றால் வேறு வாங்கலாம். பாட்டியின் புடவையை எங்கே வாங்குவது?

ஊசிப் பாக்கெட்டில் 90/14 என்றிருந்தால், 90 என்பது தண்டின் குறுக்களவு 0.90 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். 14 அதே பருமனுக்கு அமெரிக்கக் கணக்கு. 18 என்பது 1.10 மில்லிமீட்டர். கோதடிக்கு முக்கியம் பருமனைவிட முனை. சாதாரண ஊசியின் முனை லேசாக மழுங்கலானது. பல அடுக்கில் அது சுலபமாக இறங்காது. ஏறும்போது துணியையும் மேலே இழுக்கும். துணி எழும்பினால் ஊசிக் காதின் பின்னால் நூல் சரியாக வளையாது. வளையம் இல்லாவிட்டால் கீழே ஷட்டில் எதைப் பிடிக்கும்? தையல் தவறுவது இதனால்தான்.

இதற்கென்றே கூரான, மெல்லச் சரிந்து குறுகும் முனையுள்ள குவில்டிங் ஊசிகள் வருகின்றன. துண்டுகளை இணைக்க 75/11, அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க 90/14. கிடைக்காத இடத்தில் 90/14 ஜீன்ஸ் ஊசி போதும். அதன் முனையும் கூர், தண்டு உறுதி. பஞ்சு இல்லாமல் இரண்டே மடிப்பு என்றால் 80/12க்கு மேல் போக வேண்டாம்.

நூலும் ஊசியும் பொருந்துமா என்று பார்க்க, மெஷின்கூட வேண்டாம். ஒரு முழ நூலில் ஊசியைக் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடித்தால் ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். சிக்கினால் காது போதாது. நூல் உராய்ந்து பிசிறும். தெருமுனை டெய்லரிடம் ஊசி இரவல் கேட்பவர்களும் உண்டு. பயனில்லை. அவருடைய வேக மெஷின் ஊசியின் மேல்பகுதி முழு உருளை. வீட்டு மெஷினுக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்க வேண்டும்.

எட்டு மணி நேரம் ஓடிய ஊசி ஓய்வுக்குரியது. துணியில் இறங்கும்போது 'டப் டப்' என்று சத்தம் கேட்டால் அதற்கு முன்பே. சரிகைக் கரையின் மேல் தைத்தால் முனை சீக்கிரம் மழுங்கும். கரையைப் பிரித்து எடுத்துவிடுவது நல்லது. மிஞ்சும் துண்டுத் துணியை அதே கனத்துக்கு மடித்து, முதல் தையலை அதில் போட்டுப் பார்க்கலாம்.